குடையால் ஆடிக் காட்டிய ரெனிஸ்

இன்று காலை சோதனைச் சாவடியில் என்னை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள்.

போன மாதம் வெடிச்சத்தத்துக்குப் பயந்து சைக்கிளோடு விழுந்ததில் மணிக்கட்டு பிசகியது. பழைய பிடியில் ரெனிஸ் மட்டையால் பந்தை அடித்தால் நோகிறது. அதனால் கைகுலுக்குவதுபோலப் பிடிக்கப் பழகினேன். நோவு குறைந்தது. ஆனால் ஆட்காட்டி விரலின் அடியில் புதிதாகக் காய்ப்பு விழுந்தது.

அதைத்தான் சோதித்த பெண் சிப்பாய், துப்பாக்கி பிடித்த காய்ப்போ என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"துவக்கு புடிச்சதா?"

"இல்ல அக்கா, ரெனிஸ் ஆடுறனான்."

மட்டை பள்ளிக்கூடத்தில் இருந்தது. தன் குடையைத் தந்து அடித்துக் காட்டச் சொன்னார். பயத்தில் கை பழைய பிடிக்கே போய்விட்டது. காய்ப்பு குடைக்காம்பில் படவேயில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டுதான் விட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா என் கையை விரித்துப் பார்த்தா. "நொந்தாலும் நோகட்டும் புள்ள, பழையபடியே பிடி. கையப் பாத்துத்தான் புள்ளையளக் கொண்டு போறானுகள்."

சனிக்கிழமை போட்டி. அந்தச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மணிக்கட்டும் நோகாமல், உள்ளங்கையிலும் அடையாளம் விழாமல் மட்டையைப் பிடிக்கும் விதம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.