எங்கட கார் எது?

நான் காரைக் காதால பார்த்து வளர்ந்தவள். சிரிக்காதீங்க. பெரியபிள்ளையான பிறகு வேலிக்கு வெளியே தலை காட்டக் கூடாது எண்டு உம்மா சொல்லிட்டா. எங்கட வீடோ பாலாவியில இருந்து கற்பிட்டிக்குப் போற ரோட்டோரம். நடுவில ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். நானும் தங்கச்சியும் வேலிக்கு உள்ளே குந்திக்கொண்டு, வாற வாகனம் என்னதெண்டு சத்தத்தை வெச்சே சொல்லுவோம். சொன்ன பிறகுதான் கிடுகு ஓட்டையில கண்ணை வெக்கிறது. பிழையாச் சொன்னவள் அண்டைக்கு மீன் கழுவணும்.

நான் மீன் கழுவினது குறைவு. தங்கச்சிட கையில எந்த நாளும் செதில்.

அது ரெண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின காலம், வெள்ளைக்காரன்ட ஆட்சி. எங்கட ரோட்டில ஓடினது மொத்தமே மூணு. கற்பிட்டி பஸ் ஒண்டு. தென்னந்தோட்ட முதலாளிட உசந்த கார் ஒண்டு. மற்றது உப்பளத்துத் துரைட கார். மரத்தால செய்த சில்லு, பித்தளை விளக்கு, இருமிக்கொண்டே வரும் கிழட்டுக் கார். காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா அது போகும். நாங்க தலையை நிமிர்த்தியும் பார்க்க மாட்டோம். ஆடு மாடு போனா யாரு எட்டிப் பார்ப்பா? நாலாவதா ஒரு கார் வந்துட்டா மட்டும் ஊரே ரெண்டு கிழமைக்கு அதைத்தான் கதைக்கும்.

ஒரு நாள் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது. நான் கேட்டே இராத சத்தம். தையல் மெசின் ஓடுற மாதிரி மெல்லிசா. தங்கச்சி பஸ் எண்டாள். நான் ஒண்டும் சொல்லாம ஓட்டையில கண்ணை வெச்சேன். என்ட றப்பே! கோப்பி நிற உடம்பு, சில்லுக்கு மேல கறுத்த மட்காட், மூக்கில வெள்ளி பளபளக்குது. உலகத்தில இப்படி ஒண்டுதான் இரிக்கும் எண்டு நினைச்சேன். நினைச்சுக்கொண்டு இருக்கும்போதே அது எங்கட வாசலுக்குத் திரும்பிட்டுது. ரெண்டு பேரும் விழுந்தடிச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள ஓடினோம்.

வந்தது எனக்குச் சம்பந்தம் பேச. தரகரும் கொழும்பில இருந்து ஒரு இளைஞரும். "மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இரிக்கி" எண்டு தரகர் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், பொய் ஒண்டும் சொல்லல்ல. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. பின்னேரத்து அசருக்கு முந்தி அவருக்கு இரத்தினக் கடை வந்துட்டுது. பொழுதுபட்டு மஃரிபுக்கு ரெண்டு கப்பலும் வந்துட்டுது. "இப்படிக் கார் புத்தளம் அரசாங்கக் கச்சேரியிலயும் இல்ல" எண்டு வாப்பா போறவன் வாறவனுக்கெல்லாம் சொன்னார். என்னை யாரும் கேக்கல்ல. கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பேன். மறைக்க என்ன இருக்கு, நான் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்ல. காரைத்தான் பார்த்தேன்.

அண்டைக்கே எனக்கு ஒரு விசயம் விளங்கல்ல. அவர் திரும்பிப் போகேக்க துரைட கிழட்டுக் கார் ரோட்டில வந்தது. இந்த மனுசன் நடு ரோட்டில நிண்டு வாயைப் பிளந்து பார்க்கிறாராம். பிறகு அதுக்குப் பின்னாலயே ஓடுறாராம்! "இது இன்னும் ஓடுதா? கொழும்பில இப்ப இப்பிடி ஒண்டும் இல்லையே! இத எப்பிடி வெச்சிருக்கீங்க?" எண்டு வாப்பாட கையைப் பிடிச்சுக் கேட்டார். வாப்பா முழிச்சார். உம்மா உள்ளே என்ட காதுக்குள்ள, "மாப்பிள்ளைக்குப் புத்தி சரிதானா புள்ள?" எண்டா. அவ்வளவு வடிவான காரில வந்தவர் இந்தத் தகரத்துக்கு ஏன் ஓடினார் எண்டு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

நிக்காஹ் முடிஞ்சு எங்கட வீட்டில எட்டு நாள் இருந்தார். எட்டு நாளும் அவரை நான் விளக்கு வெளிச்சத்திலதான் கண்டது, அதுவும் தலையைக் குனிஞ்சுகொண்டு. கேட்டதுக்கு "ஓம்", இல்லாட்டி "ஹ்ம்". அதுக்கு மேல ஒரு முழு வசனம் நான் பேசல்ல. அவரும் வெக்கக்காரன்தான்.

ஒன்பதாம் நாள் அவர்ட உம்மாவுக்குச் சுகமில்ல எண்டு தந்தி வந்தது. கொழும்புக்கு வெளிக்கிட்டோம். நான் பின்னால, திரைச்சீலை போட்ட கண்ணாடிக்குள்ள. அவர் முன்னால ஓட்டினார். முகத்தைப் பார்க்கத்தான் வெக்கம், கழுத்தைப் பார்க்க என்ன வெக்கம்? வலது காதுக்குக் கீழ ஒரு பெரிய மச்சம். வழி முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

பாலாவிக்கு இந்தப் பக்கத்திலயே கார் மணலில இறங்கி, இடது பக்கப் பின் மட்காட் ஒரு தென்னங்குத்தியில அடிபட்டுட்டுது. அவர் இறங்கிப் பார்த்து, நான் கொண்டுபோன பாய்களைச் சுத்திக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதால மட்காட்டை இழுத்துக் கட்டினார். அதோட அந்த மெல்லிசான சத்தம் போச்சு. "கடகட, டொக். கடகட, டொக்." எனக்கு அழுகையே வந்துட்டுது. என்ட காருக்கு இப்பிடியா?

பாலாவிச் சந்தியில ஆக்கள் நிண்டு பார்த்தாங்க. நான் திரைக்குள்ள ராணி மாதிரிக் குந்தியிருந்தேன். சிலாபம் தாண்டினதும் எதிர்ப் பக்கத்தில ஒரு கார் வந்தது. கோப்பி நிறம், கறுத்த மட்காட், மூக்கில வெள்ளி.

"எங்கட கார் போகுது! எங்கட கார் போகுது!" எண்டு கத்திட்டேன்.

அவர் திடுக்கிட்டு பிரேக் போட்டார். எங்கட காருக்குள்ள குந்திக்கொண்டுதான் நான் கத்தினேன் எண்டது அதுக்குப் பிறகுதான் மண்டையில ஏறிச்சு. அவர் திரும்பிப் பார்க்கல்ல, தோள் ரெண்டும் குலுங்குது. சிரிச்சால் சிரிக்கட்டும். நீர்கொழும்புக்கு முந்தி இன்னும் மூணு வந்தது. அதுக்குப் பிறகு எண்ணுறதையே விட்டுட்டேன். யாரோ என்ட கழுத்துச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக் கழட்டி ரோட்டில வாறவனுக்கெல்லாம் குடுத்துக்கொண்டு போற மாதிரி இருந்தது. ஆரோட கோவிக்கிறது? வாப்பாவோடயா, தரகரோடயா, இந்த மச்சத்தோடயா? துரைட கிழட்டுக் கார் மாதிரி மட்டும் வழி நெடுக ஒண்டுகூடக் கண்ணில படல்ல. இது என்ன கணக்கு எண்டே எனக்கு விளங்கல்ல.

கொழும்பு வந்து புறக்கோட்டையில நிப்பாட்டி, "உம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வாறன், இறங்காத" எண்டுட்டு அவர் போனார். எனக்கு வயிறு பிரட்டுது. காருக்குள்ள சத்தி எடுக்கவா? இறங்கி, ஒரு மதிலோரம் போய்க் குந்தி, பக்கத்துப் பைப்பில முகத்தைக் கழுவினேன். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். கோப்பி நிறம். கறுத்த மட்காட். உள்ளே திரைச்சீலை. கதவைத் திறந்து ஏறிக் கண்ணை மூடிட்டேன்.

கயிற்றைப் பார்த்திருக்கலாமே எண்டு கேக்காதீங்க. கயிறு இடது பக்கம், நான் ஏறினது வலது பக்கம். திரை போட்ட கார் எங்கட ஊரில வேற ஒண்டும் இல்ல. கொழும்பில எங்கட பொம்பளைகள் ஏறுற காரெல்லாம் திரை போட்டதுதான் எண்டு எனக்கு ஆரு சொன்னா?

கொஞ்சத்தில முன் கதவு சாத்துற சத்தம் கேட்டது. கார் ஓடிச்சு. நல்ல மெல்லிசான சத்தம். மட்காட்டைச் சரிப்பண்ணிட்டார் போல எண்டு சந்தோசப்பட்டேன், பாருங்க என்ட புத்தியை! கண்ணைத் திறந்து கழுத்தைப் பார்த்தேன். மச்சம் இல்ல. தடிச்ச கழுத்து, நரைச்ச முடி.

கலியாணம் முடிஞ்சு ஒன்பது நாள், வேற ஒரு ஆம்பிளட காரில நான். இதை ஆரு நம்புவா? கொழும்புக்குப் போன அண்டைக்கே ஓடிட்டாள் எண்டு அவர்ட வீட்டில சொன்னால், வாப்பா பள்ளிக்குப் போய் ஆர்ட முகத்தில முழிப்பார்? தங்கச்சியை இனி ஆரு கட்டுவா? அப்பதான் வாயைத் திறந்து கத்தினேன்.

அந்த மனுசன் கார் நிப்பாட்டித் திரும்பினார். வாப்பாட வயசு. என்னை விட அவர்தான் பயந்துட்டார். "எண்டும்மா! நீங்க ஆரு?"

துணிக்கடைக்குள்ள போன ஒரு அம்மணியை ஏத்திப் போக நிண்டவராம். முக்காடு போட்டு ஒரு ஆள் பின்னால இருக்கக் கண்டதும் அவதான் எண்டு எடுத்துட்டாராம். பெண்பிள்ளைகள் ஏறினால் திரும்பிப் பார்க்கிறது மரியாதை இல்லை எண்டு பழகினவர்.

"சரி மகள், உங்கட மாப்பிள்ளட பேர் என்ன?"

பேரா! புருசன்ட பேரை வாயால சொல்லுறதா? எங்கட உம்மா இண்டு வரைக்கும் வாப்பாட பேரைச் சொன்னதில்ல. நான் தலையை ஆட்டினேன்.

"வீடு எங்க?"

"பள்ளிக்குப் பக்கத்தில."

"எந்தப் பள்ளி? கொழும்பில எத்தின பள்ளி இரிக்கி?"

அதுவும் எனக்குத் தெரியாது.

"கார் எப்பிடி? அதையாவது சொல்லுங்களே."

அதுதானே எனக்குத் தெரிஞ்சது! "கோப்பி நிறம். கறுத்த மட்காட். மூக்கில வெள்ளி. திரை போட்டது" எண்டு மடமடவெண்டு சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "மகள், நீங்க இப்ப குந்தியிருக்கிற கார்தான் அது. இந்த ஊர்ல வாடகைக்கு ஓடுற கார்ல பாதி இதுதான். உங்கட மாப்பிள்ளையும் என்னைப் போல ஒருத்தனா இரிக்கும்."

இரத்தினக் கடையும் ரெண்டு கப்பலும் அந்த இடத்திலயே தண்ணிக்குள்ள தாண்டு போச்சு. போகட்டும். அந்த நேரம் எனக்குக் கடையும் வேணாம் கப்பலும் வேணாம், அந்த மச்சக் கழுத்தைக் கண்டால் போதும்.

நல்ல மனுசன், திருப்பிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தார். கோப்பி நிறத்தில வரிசையா நிக்குது. கயிறு கட்டினது ஒண்டும் இல்ல. என்ட மாப்பிள்ளை என்னைத் தேடிப் போயிட்டார் போல. துணிக்கடை அம்மணி குடையோட வந்து காருக்காரரை ஏசி, விசயம் கேட்டதும் என் பக்கத்தில ஏறிக் குந்தி, "அழாத புள்ள, அழாத" எண்டா. "மாப்பிள்ள ஆள் எப்பிடி? உசரமா, கட்டையா?" எண்டு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல்ல. கழுத்தில மச்சம் எண்டேன். அவ வாயில கையை வெச்சா.

நான் கண்ணை மூடிட்டேன். கண்ணால பார்த்து இந்த ஊரில ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாது. டிராம் வண்டி மணி அடிக்குது, ரிக்சாக்காரன் கத்துறான், மாட்டு வண்டி, கார், கார், கார். எல்லாம் தையல் மெசின். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. பிறகு எங்கயோ தூரத்தில கேட்டது. "கடகட, டொக்."

"அதுதான்! அதுதான் எங்கட கார்!"

"காணவே இல்லையே மகள்" எண்டார் காருக்காரர்.

"வருது! நிப்பாட்டுங்க!"

அவர் இறங்கி ரோட்டுக்கு நடுவில நிண்டு கையைக் காட்டினார். கார் நிண்டது. என்ட மனுசன் தொப்பி எங்க போச்சோ, சேர்ட் எல்லாம் வேர்வை, ஓடி வந்து எங்கட கதவைத் திறந்தார். உள்ளே முக்காடு போட்டு ரெண்டு பேர். அவர் என்னைப் பார்க்கிறார், அம்மணியைப் பார்க்கிறார், திரும்ப என்னைப் பார்க்கிறார். பேயறைஞ்ச முகம். இதுக்கு முந்தி மூணு காரில திரையை விலக்கி மூணு பேரிட்ட ஏச்சு வாங்கியிருக்கிறார் எண்டு பிறகு சொன்னார்.

"நீ... நீதானா?" எண்டார்.

நீதானாவாம்! எட்டு நாள் ஒரே வீட்டில இருந்துட்டு! கோபமா வந்தது, அழுகையா வந்தது, சிரிப்பா வந்தது, என்ன வந்தது எண்டே தெரியல்ல. முக்காட்டைத் தூக்கினேன். நடு ரோட்டில, பட்டப் பகலில. அவரோட முதன்முதலா ஒரு முழு வசனம் பேசினேன்.

"உங்கட மட்காட் இன்னும் அடிக்குது."

அந்தக் காரை அவர் அதுக்குப் பிறகு பல வருசம் வாடகைக்கு ஓட்டினார். சண்டை வந்து, பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்து, எல்லாம் போன பிறகும் ஓட்டினார். மட்காட்டைத் திருத்தல்ல. சத்தம் பொறுக்க ஏலாம இறங்கிப் போன சவாரிகளும் உண்டு. ஒரு நாள் கராஜ்காரன் எங்கட வீட்டு வாசலில நிண்டு, "நானா, என்ட அண்ணன் மாதிரி நீங்க, ஒரு மணித்தியால வேலை, காசும் வேணாம், கழட்டித் தாங்க" எண்டு கெஞ்சுறது உள்ளே எனக்குக் கேட்டது.

"வேணாம்" எண்டார் இவர். "பிறகு அவ எப்பிடிக் கண்டுபிடிப்பா?"

அது பாசமா, இல்லாட்டி மனுசன்ட சோம்பலா எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல. கேக்கவும் இல்ல. கயிறு இத்துப் போகும் நேரமெல்லாம் ஊரில இருந்து வாற பாய்க் கட்டில நல்ல கயிறாப் பார்த்து எடுத்து வெச்சேன். பின்னேரத்தில தெருமுனையில "கடகட, டொக்" எண்டு கேட்டதும் தேத்தண்ணிக்குத் தண்ணி வெப்பேன்.