வாயைப் பார்த்து அடித்தவர்கள்

பேண்டு வாசிக்கிறவன் இன்னொரு பேண்டுக்காரனை அடித்தால் மண்டையில் அடிக்க மாட்டான், வாயில்தான் அடிப்பான். உதடு கிழிந்தால் ஒரு மாசம் ஊத முடியாது. முன்பல் போனால் ஆயுசுக்கும் முடியாது.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் எங்கள் சர்ச் சபை வாலிபர்கள் நடத்திய பேண்டு செட் அது. எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது, சாயங்காலம்தான் பிராக்டிஸ். வாசுதேவநல்லூரில் நடந்த போட்டியில் அந்த வருஷமும் கோப்பை எங்களுக்கே. தோற்ற செட்டுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் எங்களை மறித்தார்கள்.

"ஜட்ஜு உங்க ஆளுல்லா வே" என்றான் ஒருவன்.

எங்கள் டிரம்பெட் அண்ணாச்சி தாலுகா ஆபீஸ் கிளார்க். அவர் சிரித்தார். சிரித்த வாயிலேயே பெரிய டிரம் அடிக்கும் தடி இறங்கியது. பிறகு நாங்களும் வாயாகத் தேடித் தேடி அடித்தோம். என் கிளாரினெட் ஒருத்தன் தாடையில் பட்டு இரண்டாக உடைந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

பஸ்ஸில் அண்ணாச்சி துண்டைக் கடித்துக்கொண்டே வந்தார். துண்டு நனைந்து சட்டையெல்லாம் ரத்தம். சர்ச் வாசலில் கமிட்டிப் பெரியவர் மாலையோடு நின்றிருந்தார்.

"அய்யா, அண்ணாச்சிக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு. இனிமே ஊத முடியாது" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கோப்பையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, கப்பு எங்கயும் நசுங்கலையே?"

அதுவரை நசுங்கவில்லை. அவர் வாயைப் பார்த்து நான் எறிந்த பிறகுதான் நசுங்கியது.