தாடி மறைத்து மருந்து விற்ற சீசன்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு பஸ் இருந்தும் நான் நடந்தேன். தோளில் பை, தலைக்கு மேல் சாரல். பஸ்ஸுக்கு நிற்பதென்றால் அண்ணாச்சியின் மூலிகைக் கடை வாசலில்தான் நிற்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் கடையை விட்டிருந்தேன். நான் விட்ட பதினோராவது வேலை அது.

படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், கொல்லத்தில் முந்திரி உடைத்தேன். எந்த ஊருக்குப் போனாலும் மோவாயில் முளைக்கும் முடி கூடவே வந்தது. மாதவிலக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை வருவதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். முடிக்கு மட்டும் ஞாயிறுதோறும் செங்கோட்டை பார்லரில் த்ரெட்டிங்.

அண்ணாச்சி அந்த வருஷம் 'நீர்க்கட்டிச் சூரணம்' என்று புது டப்பா இறக்கினார். டாக்டர்கள் பிசிஓஎஸ் என்பதைத்தான் எங்கள் பக்கம் நீர்க்கட்டி என்போம். வாங்க வரும் பெண்கள் மெதுவாகப் பேசுவார்கள், கூட வருபவர்கள் ஊருக்கே கேட்கப் பேசுவார்கள். ஒருத்திக்கு எடை, ஒருத்திக்கு முகமெல்லாம் பரு. கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். அந்தப் பெண், "கல்யாணத்துக்குப் பொறவுதான் வந்துச்சு, பெரியம்ம" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். சனிக்கிழமை இருந்த முடி இல்லை.

"ஏட்டி, இது சூரணம் தின்ன மூஞ்சின்னு சொல்லு. யாரு கேக்கப் போறா?"

சொன்னேன். சனிக்கிழமை எடுத்த படத்தை போனில் காட்டி, திங்கட்கிழமை முகத்தை நேரில் காட்டுவேன். டப்பா நன்றாக ஓடியது.

ஆடியில் கூட்டம் தாங்கவில்லை. இரண்டு ஞாயிறு லீவு கிடைக்காமல், சூரணத் தூசி ஆகாது என்று மாஸ்க் போட்டு நின்றேன். அன்று வடகரையிலிருந்து செல்வி, அம்மாவோடு வந்தாள். சித்திரையில் என் முகத்தைப் பார்த்து இரண்டு டப்பா வாங்கியவள். டாக்டர் தந்த மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டாளாம். மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை. பிறகு வந்தது, பதினெட்டு நாளாக நிற்கவில்லை. உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒங்களுக்கு எத்தனாவது டப்பால சரியாச்சு?"

அவள் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி மூன்று விரலைக் காட்டினார். நான் மாஸ்க்கைக் கழற்றினேன். அவள் அம்மா ஓரடி பின்வாங்கினார்.

"நான் ஒரு டப்பாகூடத் தின்னதில்ல தாயி. எல்லாம் பார்லர் நூலு."

இவளுக்குச் சாரல் மண்டைக்குள் இறங்கிவிட்டது என்று அண்ணாச்சி மற்றவர்களிடம் விளக்கினார். செல்வி என் மோவாயை நன்றாகப் பார்த்துவிட்டு, மோவாய்வரை சுற்றியிருந்த துப்பட்டாவை இறக்கித் தன்னுடையதைக் காட்டினாள்.

"எனக்கும் இதே எடந்தாங்க்கா."

"ரெண்டு பேருமாச் சேந்து என்னயக் கோட்டி ஆக்குதிய" என்றார் அம்மா.

மாத்திரையை நிறுத்தியதற்கு டாக்டர் ஏசுவார் என்று அவருக்குப் பயம். ஏச்சை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, இருவரையும் தென்காசி க்ளினிக்குக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பிறகுதான் பையை எடுத்தேன்.

நான் தென்காசி போய்ச் சேர்ந்தபோது செல்வியை க்ளினிக்கில் படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். ரத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் பயமில்லை என்றார் டாக்டரம்மா. இது ஒரு டப்பாவில் தீர்கிற சங்கதி இல்லை, கூடவே வைத்துச் சமாளிக்க வேண்டியது என்றார். அதன்பின் என்னைப் பத்து நிமிஷம் ஏசினார். மருந்து விற்கப் போகும் பிள்ளைகளுக்கு அதில் ஒன்று போதும்: நாம் தின்னாத மருந்துக்கு நம் உடம்பைச் சாட்சி நிறுத்தக் கூடாது.

ஏசி முடித்து, என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, டோக்கன் கூப்பிட ஆள் இல்லை, காலையில் வர முடியுமா என்று கேட்டார். அருவிச் சத்தத்துக்கு மேலே கூவிப் பழக்கம் என்றேன்.

"கூவ வேண்டாம்மா. பேர மட்டும் சொல்லுங்க. சீக்கைச் சொல்லாதீங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டியலைக் கையில் தந்தார்கள். முதல் பேர் இசக்கியம்மாள். கூப்பிட்டேன், யாரும் எழவில்லை. என் பேர்தான், ஆனால் இந்தப் பக்கம் இசக்கிக்குப் பஞ்சமா, எவளோ வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, "இதுல என்ன கூச்சம், எந்திரிச்சு வாங்க" என்று மறுபடி கூப்பிட்டேன்.

"அது நீங்கதான்மா, உள்ள வாங்க" என்றார் டாக்டரம்மா.

பட்டியலை, செல்வியோடு இரவு அங்கேயே தங்கியிருந்த அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.