பேல் பட்டைத் தண்டவாளம்

இரும்பை "உப்புத்தாள்" கொண்டு தேய்த்தால் விரல்களில் ஒரு வாசனை ஏறும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, மத்தியானம் சோற்றைப் பிசையும்போது ரசத்தின் மணத்தையும் தாண்டி மூக்கில் வந்து நிற்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஓரிரு வருஷங்கள் என் கைகளில் எப்போதும் அந்த வாசனைதான். திருநெல்வேலிப் பேட்டையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓடிய சின்ன ரயிலுக்குத் தண்டவாளம் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. பனி ஈரத்தில் துரு ஏறிவிடும், துரு இருந்தால் தண்டவாளத்திலிருந்து இன்ஜினுக்கு மின்சாரம் போகாது என்பதால், பள்ளிக்கூடம் போகுமுன் கொய்யா மரத்தடியில் தொடங்கிக் கிணற்றடி வளைவைச் சுற்றித் திரும்ப மரத்தடிக்கே வரும் வரை குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து தேய்ப்பேன்.

ரயில் என் அண்ணன் சங்கரனுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தெருவில் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடிக்கொண்டிருந்தவன் ஒன்பது வயதில் காரணமில்லாமல் விழ ஆரம்பித்தான். தரையிலிருந்து எழவேண்டுமானால் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றித் தன் உடம்பின் மேல் தானே ஏறுகிறவன்போல எழுந்தான். அம்மா குறுந்தொட்டி எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள், ஆடித்தபசுக்கு வருவதாகச் சங்கரன்கோவில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா பாளையங்கோட்டையில் காட்டினார், அப்புறம் மதுரைக்குக் கூட்டிப்போனார். தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற நோய், மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அங்கே டாக்டர் சொன்னதை அப்பா அடுக்களையில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும், எங்கள் வீடு அவ்வளவு சின்னது.

பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிட்டது. அவனுடைய வகுப்பு மாடியில் இருந்தது. கொஞ்ச நாள் அப்பா தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு வந்தார். மில்லில் ஷிப்டு மாறியதும் அதுவும் முடியவில்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். "நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்று அப்பாவையே கேட்டாராம். படிப்பு அதோடு நின்றது.

அதன்பின் அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்து செங்கோட்டை ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பிடும்போது, "எப்பா, நம்ம தோட்டத்துல ஒரு லைன் போடுவமா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா நூல் மில்லில் பிட்டர். மறுநாளே மில்லில் கழித்துப் போட்டிருந்த "பேல் பட்டை"யைக் கேட்டு வாங்கிச் சைக்கிளில் சுருளாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஞ்சுப் பொதிகளை இறுக்கிக் கட்டும் இரும்புப் பட்டை அது. மரக்கட்டைத் துண்டுகளில் ரம்பத்தால் இரண்டு வெட்டுப் போட்டு, அதில் பட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் தண்டவாளம். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கட்டைகளை அண்ணனே அறுத்தான். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, நாக்கை ஒரு பக்கம் துருத்தியபடி மின்வயர்களை ஈயம் உருக்கிப் பத்தவைத்தான். சக்கரங்களை அப்பா தெரிந்த பட்டறையில் கடைந்து வாங்கிவந்தார். பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார் ஒன்றும் எண்ணெய் டின்னின் தகரமும் சேர்ந்து இன்ஜின் ஆயின. அடுக்களைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் மேல் போட்ட பாலத்துக்கு "ஆத்துப்பாலம்" என்று பெயர் வைத்தோம்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருநாள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அண்ணன் காதில் விழும்படியே கேட்டார்: "காலு முடியாத பிள்ளைக்கு ரயில் என்னத்துக்கு வே?"

"காலு முடியாததுக்குத்தாம் வே ரயிலு" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

முதல் நாள் வண்டி கிணற்றடியைச் சுற்றி வந்தபோது அம்மா அடுப்பில் பாலை மறந்துவிட்டு வந்து நின்றாள். அதற்குப் பின் மாலை முறுக்கு, மாத்திரை எல்லாம் அடுக்களை வாசலிலிருந்து ரயில் பெட்டியில் ஏறித்தான் அண்ணனிடம் போகும். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதங்கள் அவை.

ஆனால் நோய் காலோடு நிற்கிற நோய் அல்ல. முதலில் பத்தவைக்கும் கோலைத் தூக்க முடியாமல் போனது. அதை நான் பிடித்தேன். அடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்ப முடியவில்லை. அப்பா அதற்கு ஒரு நீளக் கம்பி வைத்துக் கொடுத்தார், விரலால் தள்ளினால் போதும். கொஞ்ச நாளில் அந்தக் கம்பியும் கனத்தது. அப்பா அதைச் சீவி மெலிதாக்கினார். அண்ணன் எதையும் இழந்ததாகச் சொல்லமாட்டான். "இது கொஞ்சம் இறுகிப்போச்சு, எண்ணெய் விடுப்பா" என்றுதான் சொல்வான். அப்பாவும் எண்ணெய் விடுவார்.

ஒரு பங்குனி மாதம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அப்பா மில்லில். அம்மா அண்ணனை மரத்தடி நிழலில் உட்காரவைத்துவிட்டு, சட்டென்று வந்துவிடலாம் என்று ரேஷன் கடைக்குப் போனாள். மண்ணெண்ணெய் வண்டி வரத் தாமதமாகி, வரிசை நகரவே இல்லை. நான் வீட்டுக்கு வந்து தோட்டத்துக் கதவைத் திறந்தபோது நிழல் நகர்ந்து மதிலோரம் போயிருந்தது. அண்ணன் முழு வெயிலில் இருந்தான். வலது கை வேகக் கம்பியிலிருந்து வழுக்கி நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள அவனால் முடியாது. தூரத்தில் கிணற்றடி வளைவில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. இன்ஜினின் முன்சக்கரங்கள் மட்டும் இரண்டு பட்டைகளையும் தொட்டுக்கொண்டிருக்க, பின்சக்கரங்கள் கிர்கிர்ரென்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. உதடெல்லாம் வெடித்திருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் சொன்னான்:

"ஏட்டி கோமு, மொதல்ல சுவிட்ச அணைட்டி. மோட்டார் கருகிரும்."

அணைத்தேன். அவன் கையை எடுத்து மடியில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன்.

"சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி வந்திருப்பாவள்ளா?"

"கூப்பிட்டேன்டி. சத்தம் மதிலத் தாண்டல."

அதை அவன் குறையாகச் சொல்லவில்லை. வண்டி ஏன் கவிழ்ந்தது என்று விளக்குகிறவன் குரலில் சொன்னான். மண்ணெண்ணெய்க் கேனோடு உள்ளே வந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா, ஒண்ணும் ஆவல, பைய எந்திரி" என்று அவன்தான் அவளைத் தேற்றினான்.

அதன்பின் வண்டியை நான் ஓட்டினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்து, "பைய, பைய... பாலம் வருது" என்பான். அவன் சொல்கிற வேகத்துக்குத்தான் வண்டி போகும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அண்ணனுக்குச் சளி கட்டி நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருமுவதற்குக்கூடத் தசை வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. வெளியே பிடித்த மழை விடவில்லை. அண்ணன் சன்னலைப் பார்த்து, "தண்டவாளம் என்னாச்சுப்பா?" என்று மூச்சுக்கு இடையில் கேட்டான். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கொட்டுகிற மழையில் தோட்டத்தில் குத்தவைத்து, அந்தப் பட்டைகள் முழுக்கக் கிரீஸ் பூசினார் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். வேண்டாமென்று சொன்னாலும் கேட்கவில்லையாம், குடை பிடிக்கவும் விடவில்லையாம். முழங்கை வரை கறுப்போடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, "கிரீஸ் போட்டுட்டேம்லே. ஒண்ணும் ஆவாது" என்றார். மதுரைக்குப் போய்வந்த நாளிலிருந்து அப்பாவால் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒரே சொல் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அண்ணன் தலையசைத்தான். அந்த மழை விடுவதற்குள் போய்விட்டான். பதினாறு முடியவில்லை.

தண்டவாளத்தை யாரும் எடுக்கவில்லை. வண்டியை யாரும் ஓட்டவும் இல்லை. கிரீஸின் மேல் கொய்யா இலைகள் விழுந்து ஒட்டிக்கொண்டு கிடந்தன. அப்பா தோட்டத்துக் கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். சில வருஷங்களில் வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டோம்.

இப்போது அப்பாவும் இல்லை. செங்கோட்டை லைனும் அகலப்பாதையாகிவிட்டது. போன மாதம் அம்மாவை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு பேட்டை வழியாக வந்தபோது ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். எங்கள் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. தோட்டம், கிணறு, மரம், எல்லாம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் கார்கள் நிற்கின்றன. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் காவலுக்கு இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்:

"யாரம்மா பாக்கணும்?"

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.