எங்கள் வீட்டு நாற்காலியில் பாடம் கேட்டவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரை படித்தவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் யாராவது திருத்திக்கொள்வார்கள். நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூடிவிட்டால் அந்தப் பாவத்தை யார் திருத்துவது? இன்று காலை விளக்கேற்றி, சுவாமியிடம் உத்தரவு கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி வாத்தியார். பதினாலு வருஷமாக உதவிப் பேராசிரியர். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் மேலே போய்விட்டார்கள். படிப்பில் அவருக்குக் குறையே இல்லை. எதிரே ஆள் உட்கார்ந்தால் குரல் உள்ளே போய்விடும். கரும்பலகையைப் பார்த்தபடியே வகுப்பை முடித்துவிட்டு வருவார். பதவி உயர்வு வேண்டுமானால் அந்தக் கல்லூரியில் தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் பாதியில் நின்றுபோனார். மூன்றாவதும் போனால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள், ஓய்வு பெறுகிறவரைக்கும் அதே நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் மருத்துவ ஆசிரியர்களுக்காகக் கிண்டியில் மூன்று நாள் பயிற்சி முகாம் வைத்தார்கள். வகுப்பில் ஒரே ஒரு மாணவனைப் பார்த்துப் பேசுங்கள், வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பழகுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். முதலில் என்னை உட்காரவைத்தார். இரண்டாவது நாளே எனக்குக் கண் சொக்கியது. மூன்றாவது நாள் சாயந்திரம், தி.நகர் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் கனமாக எதையோ கொண்டுவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர், "இன்னா சார், பூசணிக்காயா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று தலையாட்டினாராம்.

மண்டை ஓடு. டிபார்ட்மென்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது. சாப்பாட்டு நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு, தன்னைப் பார்க்கிற மாதிரி அதை வைத்தார். பூஜை அலமாரி இருக்கிற கூடத்தில் இது அடுக்குமா என்று கேட்டேன். இது காலேஜ் சாமான், நீ தொடாதே என்றார்.

தினமும் சாயந்திரம் ஐந்தரைக்குப் பாடம் ஆரம்பமாகும். முதல் வாரம் தடுமாறினார். அப்புறம் குரல் எழும்பியது. ஒருநாள் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேச்சு நடுவில் நின்றது. "ம், சொல்லு" என்றார். என்னைத்தானோ என்று எட்டிப்பார்த்தேன். அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியை முழுசாகக் கேட்டு முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு, "நல்ல கேள்வி" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார். கீரைக்காம்பு என் கையிலேயே இருந்தது. பழக்கத்துக்காக அப்படிச் செய்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பதிலில் ஓர் இடத்தில் அவரே, "இல்ல, அப்படி இல்ல" என்று சிரித்தார். மறுத்துப் பேசுகிறவரிடம்தானே அப்படிச் சிரிப்போம்?

மறுநாள் மத்தியானம் அவர் கல்லூரியில் இருந்தார். துணி மடிக்கக் கூடத்துக்கு வந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்து அவர் வைத்துவிட்டுப் போன மண்டை ஓடு பூஜை அலமாரியைப் பார்த்து இருந்தது. மின்விசிறிக் காற்றில் துண்டு நகர்ந்திருக்கலாம். திருப்பி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. நாற்காலியில் இருக்கிற இவரும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே, நெற்றி வெறுமையாக எத்தனை காலம் இருக்கிறாரோ. விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பூசினேன். எலும்பு சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றி போலச் சூடாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் பூசுவேன். அவர் வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அது அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்பது நாள் ஆனது. மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் அழுத்தித் துடைத்து, பையில் வைத்துக் கொடுத்தேன். கல்லூரியில் அட்டெண்டர் அதைப் பையோடு வாங்கி அலமாரியில் பூட்டிவைத்தாராம்.

மறுநாள் குழுவின் முன்னால் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததும் எதிரே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நெற்றியில் மூன்று பட்டை, பளிச்சென்று. குழுவில் மூத்தவர், "என்ன டாக்டர், வீட்டுல வெச்சு பூஜை பண்ணீங்களா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பழைய மனிதராக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இவர் அந்த நெற்றியையே பார்த்தாராம். "நாப்பது நாள் நான் சொன்னதையெல்லாம் பொறுமையா கேட்டவர் சார். எங்க வீட்டுல மரியாதை பண்ணியிருக்காங்க" என்றாராம். சிரிப்பு நின்றது. மணி அடிக்கும்வரை கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் பாடம் நடத்திவிட்டு வந்தார்.

நான் துடைத்தேன் என்று அழுதேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குழைச்ச விபூதி ஈரத்துல தெரியாது, காய்ஞ்சாத்தான் வெளுக்கும். உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். முப்பது வருஷமாகப் பூசுகிறேன். ஆனால் துடைத்த துணியில் விபூதி வந்துவிட்டதையும் பார்த்தேனே.

அடுத்த வாரம், திருப்பிக் கொடுத்ததற்கு ரிஜிஸ்டரில் விட்டுப்போன கையெழுத்தை வாங்க அந்த அட்டெண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாந்தோம் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயது. நீங்கள் ஏதாவது பூசினீர்களா என்று கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கும்மா பூசப் போறேன்? நான் மாதா கோயில் ஆளு" என்றார். செத்தவர் யார், பேர் உண்டா என்று விசாரித்தேன். ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "நம்பர் மட்டுந்தாம்மா கீது. பேரு எப்பவுமே கெடையாது."

பதவி உயர்வு உத்தரவு வந்தது. அதற்கு அடுத்த அமாவாசைக்கு, நான் சொல்லாமலேயே வேட்டி கட்டிக்கொண்டு, குளக்கரைக்குத் தர்ப்பணம் பண்ணக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அப்பா, தாத்தா எல்லோருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டார். சாஸ்திரிகள், "கடைசியா, யாருமில்லாதவாளுக்குன்னு ஒண்ணு. இதுக்குப் பேர் வேண்டாம் சார், சும்மா விடுங்கோ" என்றார்.

இவர் கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு பேரைச் சொன்னார். வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுகிற குரலில், இனிஷியலோடு, தெளிவாக. சாஸ்திரிகளும் அதைத் திருப்பிச் சொன்னார். தண்ணீர் விழுந்தது.

படி ஏறும்போது, யாருங்க அது என்று கேட்டேன்.

"யாரு?"

"இப்போ ஒரு பேர் சொன்னீங்களே."

ஏறின படியிலேயே நின்று திரும்பினார். "நானா சொன்னேன்?" என்றார்.

நான் அந்தப் பேரை மறக்கவில்லை. அமாவாசைதோறும் ஒரு பிடி சோறு அந்தப் பேருக்குத் தனியாக வைக்கிறேன். இங்கே எழுதவில்லை. எழுத எனக்கு உத்தரவு கிடைக்கவில்லை. படிக்கிறவர்கள் யாரிடம் சொன்னாலும் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். கதை நன்றாக இருக்கட்டும் என்று அவருக்கு ஒரு பேரை மட்டும் வைத்துவிடாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.