வளைவுக்குக் கீழே ஒரு படம்

தேவகோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகக் கிறிஸ்தவப் பங்குக் கோயிலுக்குள் நுழைகிறேன். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்று வாசலில் பலகை இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசிய சுவர், கைவைத்தால் வழுக்குகிறது. பீடத்துக்கு முன்னால் பெரிய வளைவு, அதன் இரண்டு பக்கமும் பர்மா தேக்குத் தூண்கள். கேமராவைத் தூக்குகிறேன்.

"யாரக் கேட்டு போட்டோ எடுக்குறீக?"

பின்னால் ஒரு பெண்மணி நிற்கிறார். இந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சராம். கோயில் சாவி அவரிடம்தான் இருக்கிறது. நான் கட்டடக்கலை படித்தவன், பழைய கோயில்களைப் பார்க்க வந்தேன் என்கிறேன்.

"போன மாசம் வந்தவரும் இதத்தான் சொன்னாரு. தூணெல்லாம் தட்டித் தட்டிப் பாத்தாரு. மறுவாரம் பக்கவாசல் தேக்குக் கதவக் காணோம்."

அங்கே இப்போது தகரம் அடித்திருக்கிறார்கள். தூணில் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொள்கிறேன்.

"பையத் தெறங்க."

தோள்பையைத் திறந்து காட்டுகிறேன். துண்டு, தண்ணீர் பாட்டில், அளவு டேப்.

"டேப் எதுக்கு?"

"வளைவோட அகலத்த அளக்கத்தான் டீச்சர்."

எனக்கே பொய் மாதிரிக் கேட்கிறது. அவர் என் கேமராவை வாங்கிக்கொள்கிறார்.

"அங்குட்டுப் போயி வளைவுக்குக் கீழ நில்லுங்க."

நிற்கிறேன். என்னைப் படம் எடுக்கிறார்.

"பிலிம் ரோலக் கழட்டித் தாங்க. ஏதாச்சும் காணாமப் போனா, போலீசுக்கு ஒங்க மொகத்தக் காட்டணும்ல."

இந்தப் பயணத்தில் எடுத்த படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் கழற்றிக் கொடுக்கிறேன். அதை முந்தானையில் முடிந்துகொள்கிறார்.

"இப்ப அளங்க" என்று விளக்கைப் போடுகிறார். ஆனால் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.