தவிட்டுக்கு விற்ற பிள்ளை

எங்கள் தோட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டவள் வீரம்மா ஒருத்திதான். மற்றவர்கள் வாத்தியார் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் போகமாட்டாள். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டபடி பள்ளிக்கூட வாசலில் நின்று, "அது எப்படிங்க வாத்தியாரய்யா?" என்பாள். பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். அவளிடம் பாதி நேரம் கோபமாகத்தான் பேசியிருக்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே மூடுபனி சீக்கிரம் இறங்கிவிடும் ஒரு தேயிலைத் தோட்டம் அது. 1948இல் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மூக்கன், அவள் அம்மாவின் தம்பி. தாய்மாமன் கையில் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை பார்த்தால் எங்கள் வரிசைவீட்டு லயமே கைகொட்டிச் சிரிக்கும். எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொன்ன சட்டமும் அந்த வருஷம்தான் வந்தது. கல்யாணப் பந்தியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாயசம் தண்ணீராக இருந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

முதல் பிள்ளை ஒரு வயதுக்குள் வெளுத்துப்போனது. வயிறு பானைபோல் உப்பிவிட்டது. தோட்டத்தில் பிள்ளை வெளுத்தால் எல்லோருக்கும் தெரிந்த காரணம் ஒன்றுதான்: கொக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் கால் வழியாக ஏறி இரத்தத்தைக் குடிக்கும் பூச்சி. மருந்துக் காம்பராவில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், அதன்மேல் கறுப்பு இரும்பு மருந்தும் கொடுத்தார்கள். பிள்ளையை மண்ணில் விட்டாள் என்று வீரம்மாவை ஆளுக்கு ஆள் ஏசினார்கள். பிள்ளை போய்விட்டது.

பல வருஷம் கழித்து அழகன் பிறந்தான். அவனும் வெளுத்தான். ஆனால் இந்தத் தடவை அவள் விடவில்லை. அவன் பாதம் மண்ணில் பட அனுமதிக்கவே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் சண்டை போட்டு அவனை ஏணைத் தூளியிலேயே வைக்கச் செய்தாள். நடக்கத் தொடங்கியதும் ரப்பர் சப்பாத்து வந்தது. எங்கள் தோட்டத்தில் சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை அவன் ஒருவன்தான். துரை மகன் வருகிறான் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவனும் சிரிப்பான். ஈறெல்லாம் வெளுத்திருக்கும்.

லயத்துப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மருந்தை அவர்கள் யாரும் ஒழுங்காகக் குடிப்பதில்லை; ஆணியை நக்குவதுபோல் இருக்கும். அதை அப்படியே போத்தலோடு கொண்டுவந்து அழகனுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பரா லெட்சுமிதான் இதில் முன்னால் நின்றாள். பையனின் பல்லெல்லாம் கறுத்ததே தவிர முகம் சிவக்கவில்லை.

1964 தை மாதம் எனக்குப் பொறுக்கமுடியவில்லை. லீவு போட்டு, ஹட்டனில் ரயில் பிடித்து, வீரம்மாவையும் மூக்கனையும் அழகனையும் கண்டிக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவள் நாலு மாதக் கர்ப்பிணி. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர். சீமையில் படித்துவிட்டுப் புதிதாக வந்த வாலிபர், நல்ல மனுஷன். அவர் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

இரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்து, இது பூச்சி இல்லை என்றார். பரம்பரையாக வரும் இரத்தக் குறை, தலசீமியா. இரும்பு மருந்தை உடனே நிறுத்தவேண்டும். இந்தப் பிள்ளைக்கு அது வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்ந்து கெடுதல்தான் செய்யும்.

நான் அதைச் சொன்னதும் வீரம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"லயமே குடுத்துச்சுங்களே வாத்தியாரய்யா. ஆசையாதானே குடுத்தாங்க."

டாக்டர் அடுத்ததாக, உங்கள் குடும்பத்தில் சிறு பிள்ளைகள் இதற்கு முன் இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"எங்க மாமன் பேரக் கேட்டாலே தெரியாதுங்களா?" என்றாள் வீரம்மா. "எங்கம்மா பேரு குப்பாயி. பெரிய மாமன் பேரு தவுடன்."

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தால், அடுத்துப் பிறப்பதைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று பெயர் வைப்பார்கள். அல்லது மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். அல்லது இன்னொருத்தியிடம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். டாக்டர் எழுந்து வந்து மூக்கனின் மூக்கைப் பார்த்தார். துளை தூர்ந்த வடு இன்னும் இருந்தது. இந்தப் பெயர்களை வகுப்பில் எத்தனை காலமாகக் கூப்பிட்டிருக்கிறேன்! ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னக் குழி இருப்பது என் புத்திக்கு உறைக்கவே இல்லை.

பிறகு டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து விஷயத்தை விளக்கினார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதற்கெல்லாம் தமிழில் என்ன வார்த்தை இருக்கிறது? கடைசியில் அவளுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொன்னேன்.

"இங்க பாரு வீரம்மா. நீ ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு மூணு மூணாத்தானே கிள்ளுற? ஒடம்புக்குள்ளயும் ஒரு நீளமான கொடி இருக்கு. அதுல நாலே நாலு தினுசு இலைதான், மாறி மாறி வரும். ஒடம்பு அத மூணு மூணாத்தான் பாக்கும். இந்த மூணுன்னா இந்த மணி, அந்த மூணுன்னா அந்த மணின்னு ஒன்னொன்னா எடுத்து மாலையாக் கோக்கும். ரத்தத்துக்குச் செவப்பக் குடுக்குறது அப்படிக் கோத்த மாலைதான்."

நாலு தினுசை மூன்று மூன்றாக அடுக்கினால் அறுபத்து நாலு விதம் வரும். மணிகளோ இருபதே வகை. அதனால் சில இடங்களில் ஓர் இலை மாறினாலும் அதே மணிதான் விழும், கேடில்லை. சில இடங்களில் மாறினால் வேறு மணி விழுந்துவிடும். சில மும்மூன்றுக்கு மணியே கிடையாது, கோப்பது அங்கேயே நின்றுவிடும் என்றும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு மூன்று வருஷம் முன்புதான் முதல் மூன்று எந்த மணியைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம். இப்போது ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்கள். அழகனுக்கு எந்த இடத்தில் எது மாறியிருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

வீரம்மா கவனமாகக் கேட்டாள். பிறகு வழக்கம்போல் கேட்டாள்.

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டா, மாறுனத எடுத்துட்டு நல்லத வச்சிரலாமுங்களா?"

டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். "பார்க்கத்தான் முடியும்."

"அப்ப வயித்துல இருக்கறதையாச்சும் பாத்துச் சொல்லுங்க. இதுவும் அப்படியா?"

அதுவும் முடியாது என்றார். ஒவ்வொருவருக்கும் அந்தக் கொடி இரண்டு, அப்பன் வழியில் ஒன்று, ஆத்தாள் வழியில் ஒன்று. மூக்கனுக்கும் வீரம்மாவுக்கும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அதனால் அவர்கள் நடமாடுகிறார்கள். பிள்ளைக்கு இரண்டு பழுதும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோய். நாலில் ஒரு பங்கு அப்படி வரலாம். பிறந்தவுடனும் தெரியாது, ஆறு ஏழு மாதம் போகவேண்டும்.

அன்று அழகனுக்கு இரத்தம் ஏற்றினார்கள். பதிலுக்கு என் இரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பையன் சிவந்த முகத்தோடு எழுந்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வார்டு முழுக்க ஓடினான். மூக்கன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு மாதத்துக்குள் பையன் பழையபடி வெளுத்துவிட்டான். மறுபடி கண்டி, மறுபடி இரத்தம். வேலைக்குப் போகாமல் பேர் விழாவிட்டால் அந்த நாள் அரிசியை வெட்டிவிடும் தோட்டம் அது. சித்திரை கடந்து மழை பிடித்தபோது காய்ச்சல் வந்தது, மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அழகன் லயத்திலேயே போய்விட்டான். குளிப்பாட்டும்போது சப்பாத்தைக் கழற்றினார்கள். பாதம் இரண்டும் அன்று பிறந்த பிள்ளையின் பாதம்போல் மெத்தென்று இருந்தன. எனக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சிவப்பு. தவிட்டுக்கு விற்றுவிடு என்று லயமே ஒற்றைக்காலில் நின்றது. வீரம்மா என்னிடம் வந்தாள்.

"டாக்டரய்யா சொன்னதுக்கும் இதுக்கும் ஒத்து வருங்களா?"

"ஒரு மண்ணும் ஒத்து வராது!" என்று கத்தினேன்.

"தெரியுமுங்க. எங்ககிட்ட வேற என்னாங்க இருக்கு?"

மலையில் தவிடு ஏது? ஹமீத் நானா கடையில் கோழிக்கு விற்கும் தவிட்டை வாங்கிவந்தார்கள். லெட்சுமி ஒரு சுளகுத் தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தவுடாயி என்று பெயர் வைத்தார்கள். பால் கொடுக்க மட்டும் வீரம்மா லெட்சுமி காம்பராவுக்குப் போய்வந்தாள். இது லெட்சுமி பிள்ளை, நமக்கு என்ன என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்வாள். யாருக்குக் கேட்கவேண்டுமோ அவருக்குக் கேட்கட்டும் என்றுதான்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்சிவப்புத் தெரியும் என்று ஆஸ்பத்திரியில் பார்த்துவைத்திருந்தாள். தினமும் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் குழந்தையைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் இமையை இழுத்துப் பார்ப்பாள். "செவப்புத்தானுங்க" என்பாள். நான் தலையாட்டுவேன். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை எல்லாம் அப்படியே போயின. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது, தவிட்டின்மேல்கூட.

மார்கழியில் ஒரு காலை. பனி விலகி வெயில் வந்திருந்தது. வந்தவள் இமையை இழுக்கவில்லை.

"நீங்க பாருங்க வாத்தியாரய்யா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

இழுத்துப் பார்த்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையைப் போர்த்தினாள்.

"வித்துட்டமுன்னு ஊருக்குச் சொன்னோம், எமனுக்குச் சொன்னோம்," என்றாள். "உள்ள ஒக்காந்து மணி கோக்குதுன்னீங்களே, அதுக்கு யாருங்க போயிச் சொல்றது?"

தூரத்தில் கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தான். வீரம்மா பிள்ளையை லெட்சுமியிடம் கொடுக்க லயத்துக்கு ஓடினாள்.